தூயா கணவாயின் நெருங்கிய கோடுகள்

அவைக்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவர் எசென்கேல்தி அவர்களே! வெள்ளைத் தொப்பி அணிந்து முன்வரிசையை மலைத்தொடராக்கி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பால் கறந்த கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! மேய்ச்சல் நிலத்திலிருந்து இறங்கி வந்த சகோதரர்களே! மூடப்பட்ட நம் பிரசவ விடுதியின் கதவை இன்று மீண்டும் திறந்திருக்கும் மருத்துவச்சி ரஹிமா அவர்களே! உங்கள் பள்ளியில் பூகோளம் நடத்தும் காலிபாவின் தாழ்மையான வணக்கம்.

வாழ்த்திப் பேசச் சொல்லி மேடை ஏற்றினார்கள். வாழ்த்த வாய் வரவில்லை. வருத்தத்தையே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் என்பது என்ன? உருண்டையாகக் கிடக்கும் பூமியை உரித்து, தட்டையாக்கி, தாளில் படுக்க வைப்பது. மலை படுத்துவிடும். பள்ளம் படுத்துவிடும். பனியும் காற்றும் மூச்சிரைப்பும் தாளில் ஏறவே ஏறாது. அதனால்தான் வரைந்தவன் கோடு போட்டான். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் இணைத்து ஒரு கோடு. அதற்கு மேலே இன்னொரு உயரம், இன்னொரு கோடு. கோடுகள் தள்ளித் தள்ளிப் படுத்திருந்தால் ஆடு மேயும் சமவெளி. கோடுகள் நெருங்கி நெருங்கி நெரிந்தால் நெஞ்சை முட்டும் செங்குத்து! நம் சோங்-தாஷுக்கும் அக்-சாய்க்கும் நடுவே, தூயா கணவாயில், அந்தக் கோடுகள் எப்படி இருக்கின்றன தெரியுமா? கறுப்பு மயிர்க்கற்றையைப் போல, ஊசி நுழைய இடமில்லாமல்!

மாவட்ட அலுவலகச் சுவரிலும் ஒரு வரைபடம் தொங்குகிறது. அதில் கோடுகள் இல்லை. இரண்டு ஊர், இரண்டு புள்ளி, நடுவே ஒரு விரல் இடைவெளி. நம் விடுதியை மூடிச் செலவைக் குறைக்கக் கூட்டம் போட்டார்கள். அதிகாரி ஒருவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, மேசையின் ஓரத்தில் இருந்த எழுத்தரிடம் கேட்டார்.

"ஏம்ப்பா ஜூமாதில், உன் ஊருதானே இது? அக்-சாய் பெரியாஸ்பத்திரி பக்கமா, தூரமா?"

ஜூமாதில் சுவரைப் பார்த்தார். "பக்கந்தாங்க" என்றார்.

பக்கம்! யாருக்குப் பக்கம்? பருந்துக்குப் பக்கம்! படத்துக்குப் பக்கம்! பிள்ளை வலியில் துடிப்பவளுக்குப் பக்கமா? சிறுவயதில் அந்தக் கணவாயில் குதிரையோட்டி, பனியில் காது கன்றிப்போனவர் ஜூமாதில். அவர் காலுக்குத் தெரிந்த மலை, அன்று அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. நம் விடுதி மூடப்பட்டது.

அவருக்கு ஒரே தங்கை. இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். சைராகுல்.

என்ன, தொப்பியைக் கழற்றுகிறீர்களா பெரியவர்களே? கழற்றுங்கள். அவளுக்குத் தகும்.

வசந்தம் பிறந்தும் பனி உருகாத காலை. சைராகுலுக்கு வலி எடுத்தது. கணவர் மெதெர்பெக், தன் சரக்கு வண்டியில் கம்பளிகளை அடுக்கி அவளைப் படுக்க வைத்தார். பக்கத்து வீட்டு துர்சுன் அக்கா உடன் ஏறினார். சைராகுலை உங்களுக்குத் தெரியுமே! வலியிலும் வாய் சும்மா இராது.

"என்னங்க, இப்படி வண்டிய ஆட்டுறீங்க? பிள்ளை உள்ளயே குதிரை ஏறக் கத்துக்கும்."

"நீ பேசாம வாடி."

"பேசாம வந்தா நீங்க தூங்கிருவீங்க."

வளைந்து வளைந்து ஏறியது வண்டி. கணவாயின் உச்சியில், காற்று கொண்டுவந்து குவித்த பனியில் சக்கரம் புதைந்தது. மெதெர்பெக் மண்வாரியால் தோண்டினார். தோண்டத் தோண்டச் சரிந்தது. வண்டிக்குள்ளேயே குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அழுதது. ஆனால் தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. அந்த உச்சியில் நின்றால், கீழே அக்-சாய் ஆஸ்பத்திரியின் தகரக் கூரை மின்னுவது தெரியும். தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாளாம் சைராகுல்.

"அதோ தெரியுது பாருங்க. வந்துட்டோம்ல?"

"வந்துட்டோம்" என்றார் மெதெர்பெக்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

துக்கத்துக்கு வந்த ஜூமாதில் வாசலிலேயே நின்றார். மாவட்டக் கூட்டத்தில் தான் சொன்ன சொல்லைத் தானே எல்லோர் முன்னும் சொன்னார். மெதெர்பெக் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோடையில், என்னை அக்கா முறை வைத்து அழைக்கும் ஜூமாதில் என்னிடம் வந்தார். கையில் கோடுகள் உள்ள பெரிய வரைபடம்.

"எஜே, இந்தக் கோடெல்லாம் எனக்கும் படிக்கத் தெரியும். தெரிஞ்சும் அன்னைக்கு மலைய நினைக்கல. அங்க உக்காந்திருக்கவங்களுக்கு இது கண்ணுல படாது எஜே. கையில படணும்."

தாய்மார்களே, பிறகு நடந்தது உங்கள் வேலை. ஒவ்வொரு கோட்டையும் கம்பளத்தில் பதித்து, கோட்டின் வடிவத்துக்கே வெட்டினீர்கள். அகன்றது அடியில், குறுகியது மேலே; ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினீர்கள். தாளில் படுத்துக் கிடந்த தூயா கணவாய் மேசைமேல் எழுந்து நின்றது! அன்று மெதெர்பெக்கும் வந்தார். வெட்டத் தெரியாமல் தவித்த மைத்துனரின் அருகே உட்கார்ந்தார்.

"உங்கள நான் மன்னிக்கல பாய்கே" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார். "கம்பளத்தை இழுத்துப் பிடிங்க. நான் வெட்டறேன்."

இருவரும் அந்த மலையை மாவட்டக் கூட்டத்துக்குத் தூக்கிப் போனார்கள். ஜூமாதில் அதிகாரியின் விரலைப் பிடித்து, நம் ஊரிலிருந்து மெல்ல மெல்ல மேலே ஏற்றினார். உச்சியில் ஒரு சிவப்பு நூல் முடிச்சு இடறியது.

"இது என்னப்பா?"

"இங்கதாங்க என் தங்கச்சி செத்தா."

அந்த விரல் அங்கேயே நின்றது. விடுதியைத் திறக்கும் உத்தரவு அந்த வாரமே வந்தது.

வெற்றி என்கிறீர்களா, பின்வரிசைத் தம்பி? யாருக்கு வெற்றி? திறந்த கதவு சைராகுலுக்குத் திறக்கவில்லையே! வரைபடத்தைக் கொளுத்தச் சொல்லவில்லை நான். அது சுருக்கமாகப் பேசும். சுருக்கியதை விரித்துப் படிப்பது நம் கடமை. புள்ளியைப் பார்த்தால் அங்கே புகையும் அடுப்பை நினையுங்கள். கோடு நெருங்கினால் அங்கே ஏறுபவளின் மூச்சை நினையுங்கள்!

மெதெர்பெக் மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அதோ, குதிரைகள் கட்டிய வேலியருகே நிற்கிறார் ஜூமாதில். அவர் தோளில் சாய்ந்திருப்பது சைராகுலின் மகள். சற்று முன்புதான் தகப்பன் எழுந்து போய், தாய்மாமன் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. உங்கள் வீடுகள் நிறையட்டும், பாதைகள் திறந்திருக்கட்டும். வணங்கி விடைபெறுகிறேன். கைதட்ட வேண்டாம், அன்பர்களே. குழந்தை தூங்குகிறது.