வகுப்பில் விரித்த பாய்

இன்று காலை எட்டே கால் பஸ்ஸில், திருவானைக்காவலில் ஏறிய ஒரு பெண்மணியிடம் எனக்கு முன் இருக்கையில் இருந்த வாத்தியார் சொன்னார்:

“உங்க பொண்ணால என் வகுப்புல ஒருத்தரும் பெஞ்சுல உக்கார மாட்டேங்கிறாங்கம்மா.”

“அவ என்ன சார் பண்ணினா?”

“உயரமான பொண்ணுன்னு கடைசி பெஞ்ச் குடுத்தேன். போர்டு தெரியலன்னு அழுதா. முன் பெஞ்சுல உக்காந்தா மத்தவங்களுக்கு மறைக்கும். அதான் முன்னால தரையில அவளுக்கு ஒரு பாய் விரிச்சேன்.”

“நல்லதுதானே சார். இல்லேன்னா மார்க் குறையுதுன்னு அவ அப்பா படிப்பையே நிறுத்தியிருப்பாரு.”

“இப்ப முப்பது பேரும் கண்ணு தெரியலன்னு பாய்க்கு வந்துட்டாங்க! நாளைக்கு ஸ்கூலைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வராரு. அவளைப் பழையபடி பின்னால அனுப்பிடறேன்.”

“பாயில உக்காந்தா அவளுக்குப் போர்டு தெரியுதா இல்லியா?”

“தெரியுது.”

“அப்ப இன்ஸ்பெக்டருக்கும் ஒரு பாய் போடுங்க.”

காவிரிப் பாலம் தாண்டியதும் வாத்தியார் எழுந்தார். இறங்கும்போது கேட்டார்:

“உங்க வீட்டுல பெரிய பாயா ஒண்ணு இருக்குமா?”