ஜன்னலோர நாற்காலி

மதியம் ஒன்று பத்துக்கு அச்சகத்தில் சாப்பாட்டு மணி அடிக்கும். பதினொரு வருடமாக ஒரே மேசை, ஒரே ஆறு பேர். ஜன்னலோர நாற்காலி என்னுடையது.

நான் பிழை திருத்துபவன். எங்கள் ஸ்டோர் கீப்பருக்குக் கதை சொல்லப் பிடிக்கும். என் மனைவி வீட்டை விட்டுப் போன கதையை மேசையில் அடிக்கடி சொல்வார். ஒரு நாள் அவள் பஸ்ஸில் போனாள், இன்னொரு நாள் ரயிலில். ஒரு நாள் நான் வாசலில் நின்று அழுதேன். நான் அழவில்லை. இரண்டு முறை திருத்தினேன்.

"விடுப்பா, கதைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு நாள் அவர் சாப்பிட வரவில்லை. மாடியில் காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் நான் படியேறினேன். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலியில் கட்டிங் மெஷின்காரர் உட்கார்ந்துகொண்டிருந்தார். எப்போதும் மெஷின் பக்கத்தில் தனியாகச் சாப்பிடுபவர். அன்று அங்கே விளக்கு எரியவில்லை.

சரக்கு லிஃப்ட்டின் கதவைத் திறந்தேன். லிஃப்ட் பெட்டி கீழ்த்தளத்தில் நின்றது. ஏதோ கட்டு சிக்கியிருக்கிறது, பாருங்கள் என்றேன். ஸ்டோர் கீப்பர் குனிந்தார். முதுகில் கை வைத்தேன். தள்ளினேன் என்பது கொஞ்சம் கடுமையான சொல்.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். நானும் இறங்கி வந்து அவர்களோடு நின்றேன்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். அன்று மேசையில் யார் யார் இருந்தீர்கள் என்று கேட்டார். பொய் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. மை கலப்பவர் முந்திக்கொண்டார்.

"இவரு இல்லாம நாங்க என்னைக்கு சார் சாப்பிட்டோம்? இவரோட முட்டைய நான்தானே பிடுங்கித் தின்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டாரு."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு யார் இருந்தார்கள் என்பது மனிதர்களுக்கு நினைவிருப்பதில்லை. வழக்கமாக யார் இருப்பார்கள் என்பதுதான் நினைவிருக்கும். கட்டிங் மெஷின்காரரை ஒருவருக்கும் நினைவில்லை. "அவரு எங்க சார் எங்களோட சாப்பிட்டாரு?" என்றார்கள். புது பிளேடு தரவில்லை என்று அன்று காலை ஸ்டோர் கீப்பரிடம் அவர் சத்தம் போட்டது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

அவரைக் கொண்டுபோனார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் பிழை அவர்களுடையது. நான் அதைத் திருத்தாமல் விட்டேன், அவ்வளவுதான்.

நாளைக்குத் தீர்ப்பு. நேற்று சோப்பும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு சிறைக்குப் போனேன். கம்பி வழியாக என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"என் முட்டைய மை கலக்குறவரு பிடுங்கினப்ப, நீங்க பக்கத்துல உக்காந்து சிரிச்சீங்களேண்ணே. உங்களுக்குமா ஞாபகம் இல்ல?"