ஏழாம் எண் வாடிக்கையாளர்

செருப்பு வாங்கத் தெரிந்தவர்களுக்கு மென்பொருள் வாங்குவதும் எளிதில் புரியும். கடையில் போட்டு நடந்து பார்க்கும்போது எல்லாமே காலுக்குப் பொருந்தும். வீட்டுக்கு வந்து நான்கு நாள் போட்ட பிறகுதான் எது கடிக்கிறது என்று தெரியும். அதனால்தான் ஆறு மாதச் சோதனை வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மேலாளர் ஒரு மாதம் போதும் என்றார். நான் அவசரக்காரன் இல்லை என்பது உங்கள் விசாரணைக் குறிப்பில் இருக்கட்டும் என்று இதை முதலில் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனம் குழந்தைப் பொருள்களை இணையத்தில் விற்கிறது. தொட்டில், பால் புட்டி, உடுப்பு, தள்ளுவண்டி. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் நிலைமைக்கு ஏற்ற மின்னஞ்சலைத் தானாகவே எழுதி அனுப்பும் மென்பொருள் எங்களுக்குத் தேவைப்பட்டது. மூன்று நிறுவனங்கள் வந்தன. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. தங்களுடையதுதான் வாடிக்கையாளரின் மனதைப் படிக்கும் என்று மூவருமே சொன்னார்கள்.

மனதைப் படித்ததா என்று சரிபார்க்க வேண்டுமென்றால், அந்த மனது நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். இது என் முறை. வேறு எந்த அலுவலகத்திலும் இப்படிச் செய்வதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் பன்னிரண்டு எடுத்தேன். எங்களிடம் பொருள் வாங்கும் சொந்தக்காரர்கள், நண்பர்களின் மனைவிகள், இப்படி எனக்கு வீட்டு நடப்பு தெரிந்த பன்னிரண்டு பேர். சீட்டுக் குலுக்கி, மென்பொருளுக்கு நான்கு பேராகப் பிரித்தேன். அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் இயல்பாக நடந்துகொள்ள மாட்டார்கள்.

ஏழாம் எண் என் தங்கை. ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். பிரசவத் தேதியை நானே பதிவு செய்தேன். மூன்றாவது மென்பொருளின் பங்குக்கு அவள் போனாள்.

சோதனை தொடங்கிய அன்று ஒரு விதியை அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். இனி யாருடைய விவரத்திலும் யாரும் கை வைக்கக் கூடாது. ஆறு வாரம் கழித்து, குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஆண் குழந்தை. நான் மருத்துவமனைக்குப் போய் இரண்டு நாள் அவளோடு இருந்தேன். மிகவும் வருத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வந்து, விதியைப் பார்த்து, அவளைப் பட்டியலில் அப்படியே விட்டேன்.

மற்ற இரண்டு மென்பொருள்களும் வாடிக்கையாளர் வாங்குவதை நிறுத்தினால் சந்தேகப்பட்டு மௌனமாகிவிடும். மூன்றாவது அப்படியில்லை. மின்னஞ்சலைத் திறக்கிறார்களா என்று மட்டும்தான் பார்க்கும். பிரசவத்துக்குக் குறித்த தேதியில் அவளுக்கு வாழ்த்து போனது. அவள் திறந்தாள். முதல் வாரம், இரண்டாம் வாரம், எல்லாவற்றையும் வந்த ஒரு நிமிடத்துக்குள் திறந்தாள். மூன்றாவது மென்பொருளின் மற்ற மூன்று பேரும் எதையும் சட்டை செய்யவில்லை. இவள் ஒருத்திதான் அதன் மதிப்பெண்ணைத் தூக்கிப் பிடித்தாள். மூன்றாவதுதான் சிறந்தது என்று சோதனையின் முதல் வாரமே நான் மேலாளரிடம் வாயை விட்டிருந்தேன். ஆகவே எனக்கு நிம்மதியாக இருந்தது.

வாழ்த்து போன இரண்டாம் மாதம் அவள் தொலைபேசியில் பேசினாள்.

"அண்ணா, உங்க கம்பெனியில யாரோ ஒருத்தர் அவனை ஞாபகம் வச்சிருக்காங்க. இங்க யாரும் அவனைப் பத்திப் பேசறதே இல்ல. பேச்செடுத்தா எழுந்து போயிடறாங்க. யாருண்ணா அது?"

"நல்லவங்கதாம்மா" என்றேன்.

மென்பொருள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் குரலில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெம்பு இருந்தது. அதைக் கெடுப்பானேன்?

அந்த மென்பொருளில் இன்னொரு வசதி இருந்தது. குழந்தையின் பெயரைக் கொடுத்தால், பெயர் சொல்லி எழுதும். பன்னிரண்டு பேரில் யாரும் பெயர் கொடுத்திருக்கவில்லை. ஒரு வசதியைச் சோதிக்காமல் அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? பெயர் சேர்ந்தபின் ஏழாம் எண் அந்த மின்னஞ்சல்களைத் திறந்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் நான்கைந்து முறை படித்தாள். சின்ன உடுப்புகள், ஒரு ஜோடிக் காலணி, கிலுகிலுப்பை என்று வாங்கவும் தொடங்கினாள். ஆறு மாதச் சோதனையின் முடிவில் மூன்றாவதற்கு முதலிடம். இயக்குநர்கள் கூட்டத்தில் அவளுடைய வரைபடத்தைத் திரையில் காட்டினேன். கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சோதனை முடிந்த பிறகாவது அவளை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மாப்பிள்ளையும் அதைத்தான் கேட்டார். தங்கை கணவர் அலுவலக வாசல் வரை வந்தது அதுதான் முதல் முறை.

"மச்சான், கையெடுத்துக் கும்பிடறேன், அந்த மெயிலை நிறுத்திடுங்க. நேத்து காலியா இருக்கற தொட்டில் பக்கத்துல உக்காந்து, பால் ஆறிடுச்சான்னு மணிக்கட்டுல விட்டுப் பாத்துட்டு இருக்கா."

"பாக்கறேன் மாப்பிள்ளை" என்றேன். ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான். ஆனால் மாதாமாதம் இயக்குநர்கள் அந்த வரைபடத்தைக் கேட்பார்கள். பாதியில் அறுந்த கோட்டைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அதோடு, அவளிடமிருந்து பிள்ளையை இரண்டாவது முறையாகப் பறிக்க நான் யார்?

குழந்தையின் எட்டாம் மாதத்துக்கான மின்னஞ்சலை நீங்கள் படித்துவிட்டீர்கள். உங்கள் மேசையில் இருக்கிறது. அவன் பெயரைச் சொல்லி, இப்போது தவழத் தொடங்கியிருப்பான், கண்ணை எடுக்காதீர்கள், வீட்டுக்கு அருகே தண்ணீர் இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள் என்று இருக்கும். நல்ல அறிவுரைதான். மாடிப்படிக்குப் போடும் தடுப்புக் கதவை விற்பதற்காக எழுதியது. அவள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுவது மென்பொருளுக்குத் தெரியாது.

அது போன அன்று காலை பதினொரு மணி. எதிர்வீட்டுத் தச்சர் பார்த்திருக்கிறார். கையில் ஒற்றைக் காலணியோடு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அவள் தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். ஏதோ குழந்தை விழுந்துவிட்டது என்று நினைத்து அவரும் குதித்தார். பாவம், நல்ல மனிதர். இருபது நிமிடம் முங்கி முங்கிக் குழந்தையைத் தேடியிருக்கிறார். அதற்குள் அவள் போய்விட்டாள்.

அந்தப் பெயர் மென்பொருளுக்கு எப்படித் தெரிந்தது என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். பிள்ளை பிறந்தபின் எல்லோருக்கும் சொல்லலாம் என்று அவர்கள் மூடி வைத்திருந்த பெயர். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் தெரியும். கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், யாருக்கும் சொல்லாதே என்று என் காதில் சொன்னாள். நானும் யாருக்கும் சொல்லவில்லை.

பெயரைப் பதிவு செய்தது நான்தான். சுவரில் விதியை ஒட்டியவனே விதியை மீறினானா என்று நினைக்காதீர்கள். இருந்த விவரம் எதையும் நான் மாற்றவில்லை, காலியாக இருந்த இடத்தை நிரப்பினேன். அவள் ஒன்றே ஒன்றைத்தான் விரும்பினாள், யாராவது அவனை ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று. அண்ணனாக நான் அதற்கு ஏற்பாடு செய்தேன்.

ஒன்பதாம் மாத மின்னஞ்சல் நேற்றுக் காலை போயிருக்கிறது. இன்னும் திறக்கவில்லை என்று காட்டுகிறது. எதற்கும் இரண்டு நாள் பார்க்கலாம்.