பத்தொன்பது நொடிக் கதவு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. கதவைச் சாத்தாதீங்கடா... திறந்தே இருக்கட்டும்.

சாயங்காலம் நாலு அம்பது இருக்கும். ஆத்தை ஒட்டி ஒரு ரோடு. ரெண்டு கிலோமீட்டர், நூல் பிடிச்ச மாதிரி நேரா போகும். நடுவுல ஒரு வீடு கிடையாது, ஒரு பெட்டிக்கடை கிடையாது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஆள் உயரத்துக்கு நாணல். அந்த ரோட்டுல ஒரு மனுஷன் சைக்கிளை மிதி மிதின்னு மிதிச்சுக்கிட்டு வர்றார். ஒரு கால்ல ரப்பர் பூட்ஸ். இன்னொண்ணு வெறுங்கால். அதை எங்கே கழட்டிப் போட்டார்னு அவருக்கே ஞாபகம் இல்ல. வாயில மட்டும் ஒரே பாட்டு... "யோசிக்கணும்னுதானே சொன்னேன்... யோசிக்கணும்னுதானே சொன்னேன்..."

நம்ம நெட்டையன் இருக்கான்ல, அவனோட சித்தப்பா இவர்.

அவருக்கு வேலை ஆத்துக்கு அடியில. சிரிக்காதீங்க, நிஜமாவே அடியிலதான். இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு ஒரு சுரங்கம், அதுக்குள்ள பெரிய பெரிய தண்ணிக் குழாய். சரியா நடுவுல ஒரு இரும்புக் கதவு. எங்கேயாவது உடைஞ்சு ஆத்துத் தண்ணி உள்ளே வந்தா, அந்தக் கதவை இறக்கணும். பாதிச் சுரங்கமாவது மிஞ்சும். கதவுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி, சுவத்துல ஒரு போன், போனுக்குப் பக்கத்துல ஒரு சிவப்பு பட்டன். நாற்காலில சித்தப்பா. பட்டனை அமுக்கினா "ர்ர்ர்ர்"னு கதவு இறங்கும். முழுசா மூட பத்தொன்பது நொடி. சும்மா இருக்கிற நேரத்துல எண்ணி எண்ணிப் பார்த்து அது அவருக்கு மனப்பாடம்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு வகுப்பு நடத்தினாங்க. பாதுகாப்பு அதிகாரி கேட்டார், "தண்ணி வருது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர். இந்தப் பக்கம் பன்னெண்டு பேர். என்ன பண்ணுவீங்க?"

எல்லாரும் தரையைப் பார்த்தாங்க. இவர் மட்டும் பட்டுனு கையைத் தூக்கினார். "மூடிடுவேன் சார்."

யோசிக்கவே இல்ல. அன்னிலேருந்து அவர் பேரு கைதூக்கி.

பக்கத்துல உக்காந்திருந்தது அவரோட மச்சான். சித்திக்கு ஒரே தம்பி, இவர்தான் சொல்லி வேலையில சேத்துவிட்டது. அவன் கேட்டான், "அந்த ஒருத்தன் நானா இருந்தா மாமா?" இவர் சொன்னார், "நீயா இருந்தா ரெண்டு தடவை அமுக்குவேன்டா மச்சான்." வகுப்பே கொல்லுனு சிரிச்சுது. அவனும்தான் சிரிச்சான்.

நல்ல பையன். வேலை முடிஞ்சா நேரா அக்கா வீட்டுக்குத்தான் வருவான். கையில இருக்கிற ஸ்பேனரால கதவைத் தட்டுவான். டண் டண்... டண். ரெண்டு, அப்புறம் ஒண்ணு. சித்தப்பாவோட பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. அந்தச் சத்தம் கேட்டா போதும், தட்டுல இருக்கிறதை அப்படியே விட்டுட்டு ஓடும். மாமனைப் பார்த்தா மூச்சுவிடாம, விக்கி விக்கி ஒரு சிரிப்பு. வேற யாருக்கும் அந்தச் சிரிப்பு கிடையாது, அப்பனுக்கே கிடையாது.

ஒருநாள் சாயங்காலம் நாலு நாற்பது. மச்சான் மீட்டர் பார்க்க அந்தப் பக்கக் கடைசிக்குப் போயிருக்கான். அங்கேயும் ஒரு போன் உண்டு. திடீர்னு ஒரு வாசனை... ஆத்துச் சேறும் துருவும் கலந்த வாசனை. அப்புறம்தான் சத்தம். அப்புறம் தண்ணி. இந்தப் பக்கம் இருந்த பதினோரு பேரும் ஏணியைப் பார்த்து ஓடறாங்க. சுவத்துல ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். தண்ணி அந்தக் கோட்டைத் தொட்டா பட்டனை அமுக்கணும், அதான் விதி. கோட்டுக்கு இன்னும் ஒரு ஜாண் இருக்கு.

போன் அடிச்சுது.

"மாமா, தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு. இதோ வர்றேன். ஒரு நிமிஷம் கதவைப் பிடிங்க. நாம வெளிய வந்துருவோம்ல?"

சித்தப்பா சொன்னார், "பயப்படாத மச்சான். நாங்க வந்துருவோம்."

நாமன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தாராம். வெளியே வந்தது நாங்க. நாமன்னா அவனும் உண்டு. நாங்கன்னா... அவன் கிடையாது. மனசு முடிவு பண்ணினது அவருக்கே தெரியாம நாக்குக்குத் தெரிஞ்சிருக்கு.

போன்ல தண்ணிச் சத்தம் ஏறுது. அப்புறம் சின்னக் குரல்ல அவன் கேட்டான், "நாங்களா?"

அமுக்கிட்டார். ஒரு ஜாண் பாக்கி இருக்கும்போதே அமுக்கிட்டார். பதினெட்டாவது நொடியில கதவுக்குக் கீழே ஒரு கை தெரிஞ்சுது. விரல் இல்ல, முழுக் கை. பத்தொன்பதுல இல்ல. அதுக்கப்புறம் இரும்புல... டண் டண்... டண். ரொம்ப நேரம் கேட்டுதாம். அவர் காதைப் பொத்திக்கிட்டே ஏணி ஏறினார்.

வெளியே பதினோரு பேரும் அவரைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. அதிகாரி கையைக் குலுக்கினார். யாருமே தப்பு சொல்லல. இவரையும் சேத்து பன்னெண்டுக்கு ஒண்ணு, கணக்கு சரி. அந்த ஒரு ஜாண் யாருக்கும் தெரியாது. போன் வந்ததையும் அவர் சொல்லல. "லைன் வேலை செய்யல"ன்னுட்டார். சித்தி மட்டும் தினம் கேப்பாங்களாம், "கடைசியா அவன் ஏதாச்சும் சொன்னானாங்க?" இவர், "இல்லம்மா, போன்தான் செத்துப்போச்சே." சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துப்பார். அழுகை வருமாம், ஆனா பயத்துலதான் வருமாம். அவரே சொன்னது.

டேய், யாருடா அது கதவைச் சாத்தறது? திறந்து வை.

ஏழு மாசம் ஆச்சு. சுரங்கத்துல தண்ணியை இறைச்சு, உடைஞ்சதை அடைச்சு, திரும்ப வேலை ஆரம்பிச்சாங்க. அந்தப் பக்கத்துப் போனைக் கழட்டிட்டாங்க. வயரை வெட்டி டேப் சுத்தி விட்டாச்சு. சித்தப்பா அதே நாற்காலில வந்து உக்காந்தார். வேற எங்கே போவார், வயித்துப்பாடு. அன்னிக்கு மத்தவங்க எல்லாரும் மேலே போயிட்டாங்க. இவர் பூட்ஸைக் கழட்ட ஆரம்பிச்சார். ஒண்ணைக் கழட்டும்போது... போன் அடிச்சுது. மணி நாலு நாற்பது.

எடுக்கக் கூடாதுன்னு நினைச்சாராம். கை எடுத்துருச்சு.

சொட்டு சொட்டா தண்ணி விழற சத்தம். அப்புறம் குரல். கோபம் இல்ல, அழுகை இல்ல. வகுப்புல கேட்ட அதே விளையாட்டுக் குரல்.

"மாமா. அந்தப் பக்கம் ரெண்டு பேர். இந்தப் பக்கம் ஒருத்தர். என்ன பண்ணுவீங்க?"

ரெண்டு பேர் யாரு, ஒருத்தர் யாருன்னு அவன் சொல்லல. சொல்லணுமா என்ன? வீட்டுல சித்தியும் பொண்ணும். இங்க இவர். கைதூக்கி அன்னிக்குக் கையைத் தூக்கல. கை தொடையோட ஒட்டிக்கிச்சு.

"யோசிக்கணும்"னார்.

"சரி மாமா. யோசிங்க."

அதோட போன்ல ஒரு சத்தம். "ர்ர்ர்ர்..." இவர் நிமிர்ந்து கதவைப் பார்க்கறார், அது அசையல. எங்கேயோ வேற கதவு இறங்குது. அவரையும் அறியாம வாய் எண்ணுது. பதினேழு... பதினெட்டு... பத்தொன்பது. நின்னுருச்சு.

அப்ப ஏறினதுதான் அந்த சைக்கிள்.

வீட்டுக் கதவு சாத்தியிருக்கு. சாதாரண மரக் கதவு. அதுக்கடியில கசிஞ்சு வர்றது சேத்து வாசனை. உள்ளே குழந்தை சிரிக்குது... மூச்சுவிடாம, விக்கி விக்கி. இவர் ரெண்டு கையாலயும் அடிக்கறார், பேரைச் சொல்லிக் கூப்பிடறார். உள்ளேயிருந்து சித்தி ரொம்ப நிதானமாச் சொன்னாங்க.

"பயப்படாதீங்க. நாங்க வந்துருவோம்."

அந்த வார்த்தையை அவர் யார்கிட்டயும் சொன்னதில்ல. போன் வந்ததுன்னே சித்திக்குத் தெரியாது.

அப்புறம் உள்பக்கத்துலேருந்து... டண் டண்... டண்.

அக்கம்பக்கத்து ஆளுங்க அஞ்சு பேர் சேர்ந்துதான் கதவை உடைச்சாங்க. உள்ளே யாரும் இல்ல. பின்கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டபடி இருக்கு. ஜன்னல்ல கம்பி இருக்கு. தரை ஒரு சொட்டு ஈரமில்லாம காய்ஞ்சு கிடக்கு. நாலு சுவத்துல மட்டும் சுத்தி ஒரு சேத்துக் கோடு. குழந்தையோட உயரத்துக்கு மேல... சித்தியோட உயரத்துக்கும் மேல ஒரு ஜாண்.

ஊரெல்லாம் தேடினாங்க. ஆத்துலயும் தேடினாங்க. கிடைக்கல.

சித்தப்பா இப்ப தனியா ஒரு சின்ன ரூம்ல இருக்கார். வேலையை விடும்போது நாற்காலிக்குப் பக்கத்துல இருந்த அந்தப் போனை மட்டும் வயரை வெட்டி, கேட்டு வாங்கிட்டு வந்துட்டாராம். வெட்டின வயர் அப்படியே தொங்கும். தினம் நாலு நாற்பதுக்கு அடிக்கும். எடுப்பார், கேப்பார், "யோசிக்கணும்"பார், வச்சிடுவார். நான் வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அவங்க கதவு திறந்துரும்னு அவருக்குத் தெரியும். மூணுக்கு ஒண்ணு. கணக்கு அவரோட கணக்குத்தானே. ஆனா உசுரு வெல்லக்கட்டியா இருக்கே, வாய் வரமாட்டேங்குது. நெட்டையன்கிட்ட இதைச் சொல்லிட்டு, "நான் கெட்டவன் இல்லடா, நீயா இருந்தாலும் இதைத்தான் பண்ணுவ"ன்னாராம்.

போன மாசம்தான் நெட்டையன் அங்க போனது. பேசி முடிச்சு சித்தப்பா முகம் கழுவப் போயிருக்கார். மணியை இவன் பார்க்கல. போன் அடிச்சுது. பழக்கதோஷம்... எடுத்துட்டான்.

தண்ணி சொட்டற சத்தம். தூரத்துல ஒரு பொம்பளை யாரையோ "சும்மா இருடா"ன்னு அதட்டற மாதிரி. அப்புறம் ரொம்பக் கிட்டத்துல, வாயை ஒட்டி வச்சுப் பேசற மாதிரி ஒரு குழந்தைக் குரல்.

"அப்பா... நாங்க மூணு பேரும் கதவுகிட்டயேதான் நிக்கறோம். நீ யோசிச்சிட்டியாப்பா?"