வெள்ளைக் கோடு காத்த போர்மன் பொன்னையா ஐயா அவர்களுக்கு

மரத்துக்கும் இரும்புக்கும் மறுவாழ்வு தந்த மாண்பினரே! பனியிலும் பணி பிசகாத பண்பாளரே! சுத்தியல் தட்டிச் சக்கரத்தின் சுகம் கேட்ட செவிச் செல்வரே! வட்டகொடை ரயில் பெட்டிப் பட்டறையின் பெருமையே! போர்மன் பொன்னையா ஐயா அவர்களே! வணங்குகிறோம்.

இன்றோடு பணி ஓய்வு பெறும் தங்களைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். புகழுரை கேட்டால் தாங்கள் நாற்காலியில் நெளிவீர்கள் என்பது தெரியும், சற்றே பொறுத்தருள்க. பயணிகள் கால் பதிக்கும் பலகையில் நம் பூட்ஸ் அழுக்கு படலாகாது என்று, பெட்டிக்குள் ஏறும்போதெல்லாம் எங்களை வெறுங்காலோடு ஏற வைத்த கண்டிப்பை நாங்கள் மறவோம். கூரைக்குத் தார் பூசி முடித்ததும், உள்ளே தனியே அமர்ந்து மழைக்காகக் காத்திருந்து, ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று கண்ட பிறகே கையொப்பமிட்ட பொறுமையையும் மறவோம். அந்த நாட்களில் மழை பொய்த்தால் தங்கள் கோபம் எங்கள் மீது இறங்கியதையும் மறக்கவில்லை.

தேக்கிலே தேர் செய்தவரே! வெள்ளைக்காரத் துரைமார் ஏறிய காலத்துப் பெட்டி ஒன்று பக்கத் தண்டவாளத்தில் கிடந்து, கூரை பொத்து, கோழிகள் அடையும் கூண்டாகியிருந்தது. அதைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று தாங்கள் அறிவித்தபோது தச்சர் மாயாண்டி சொன்னது பட்டறை முழுக்கப் பிரசித்தம்.

"ஐயா, இதுக்கு மரம் இழைக்கிற நேரத்துக்குக் கோழிங்க பேருக்கே எழுதிக் குடுத்துரலாங்க."

"கோழிங்க டிக்கெட் எடுக்காதுடா. இழைப்புளிய எடு."

எடுத்தார். இரண்டு மழைக்காலம் கடந்து அந்தப் பெட்டி பளபளத்து நின்றது. ஆயினும் தங்கள் பெருமையைச் சொல்லத் தேக்கின் பளபளப்பு போதாது. அந்தப் பெட்டி ஓடாமல் நின்ற ஒரு காலையைத்தான் சொல்ல வேண்டும்.

அது ஆயுத பூஜைக் காலை. முந்தின நாள் மாலை பெட்டியை மலைமேல் நானுஓயா வரை ஏற்றி, இறக்கத்தில் ஓட்டிப் பார்த்துக் கொண்டுவந்திருந்தோம். பூஜை முடிந்ததும் பட்டறைக் குடும்பங்கள் அதில் ஏறி உலாப் போவதாக ஏற்பாடு. விடிவதற்கு முன்பே பெட்டியைக் கழுவ வந்துவிட்டார் காளியாயி. தேயிலைத் தோட்டத்தில் பத்துச்சீட்டுக் கொடுத்து வேலையை விட்டு நிறுத்திய பிறகு, இரண்டு பிள்ளைகளோடு நின்ற அவருக்கு இந்தக் கழுவும் வேலைதான் அடுப்பை எரிய வைத்தது. அதுவும் நாள் கூலி. எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்றுவிடலாம். ஆகவே அன்று, யாரும் குறை சொல்ல முடியாதபடி கழுவ வேண்டும் என்று நினைத்தார். மண்ணெண்ணெயும் தேங்காய் நாருமாகச் சக்கரங்களையும் விடவில்லை. ஒவ்வொரு சக்கரத்திலும் குறுக்கே இருந்த வெள்ளைக் கோடு தேய்த்ததில் அழிந்தது. பூஜை நாளில் சக்கரத்தின் நெற்றி பாழாகக் கிடக்கலாமா? சன்னலுக்கு அடித்து மீந்த வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் தேடி எடுத்து, விபூதி இடுவதுபோல் எட்டுச் சக்கரத்துக்கும் புதிதாகக் கோடிட்டார். தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே மனம் நிறைந்தது.

அந்தக் கோடு அலங்காரம் அல்ல என்பதை அவருக்கு எவரும் சொன்னதில்லை. சக்கரத்தைச் சுற்றிச் சூடாக ஏற்றிய இரும்புப் பட்டை, நெடிய இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துக் காய்ந்தால் இளகி நகர்ந்துவிடும். ஆறியதும் மறுபடி இறுகி, ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். சக்கரத்திலும் பட்டையிலும் சேர்த்து இட்ட கோடு இரண்டாக விலகியிருந்தால் மட்டுமே நகர்ந்தது தெரியும்.

தாங்கள் சுத்தியலோடு வந்தபோது பிள்ளைகள் பெட்டியில் ஏறியிருந்தார்கள். எஞ்சினும் பூட்டியாயிற்று. எட்டுச் சக்கரத்தையும் தட்டினீர்கள், எட்டும் கணீரென்றன. பிறகு குனிந்து, ஈரம் காயாத புதுக் கோடுகளைப் பார்த்தீர்கள். நிமிர்ந்து, "எஞ்சினக் கழட்டுங்க" என்றீர்கள்.

பூஜைக்கு வந்திருந்த மேலதிகாரிக்கு விஷயம் புரிந்ததும் முகம் சிவந்தது. "யார் இதில் கை வைத்தது? இன்றே வெளியே அனுப்பு!"

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்ற காளியாயிக்கு அது கேட்டது. என்ன தப்பென்று விளங்கவில்லை. தப்பு தன்னுடையது என்பது மட்டும் விளங்கியது. விரலிடுக்கில் வெள்ளைப் பெயின்ட் காயாமல் ஒட்டியிருந்தது. கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். ஓடிப்போகலாம், ஆனால் சின்னவள் பெட்டிச் சன்னலில் உட்கார்ந்து, "அம்மா, ஏறு, ஏறு" என்று கையாட்டிக்கொண்டிருந்தாள்.

நீதியின் நிழலே! கோடு போட்டது யாரென்று தாங்கள் கேட்கவில்லை. எங்கள் எல்லாரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்னீர்கள்:

"கோடு நல்லா விழுந்திருக்கு. என் கையால இம்புட்டு நேரா வராது. போட்டவங்க யாரா இருந்தாலும் பயப்பட வேணாம். பழைய கோட்டுல ஏதாச்சும் வித்தியாசம் பாத்திருந்தா அத மட்டும் சொல்லுங்க. வண்டியில பிள்ளைங்க இருக்காங்க."

காளியாயி வெளியே வந்தார்.

"நாந்தாங்கையா. ஏழு கோடு நேராத்தான் இருந்துச்சு. அந்தக் கடைசிச் சக்கரத்துல மட்டும் ரெண்டு துண்டா, கோணலா இருந்துச்சுங்க. எவனோ பீடி குடிச்சிக்கிட்டே போட்டிருக்கான்னு நெனச்சு, நான் நேராக்கிப்புட்டேன்."

பீடிக்குப் பேர்போன மாயாண்டி காதிடுக்கில் இருந்த பீடியை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டார்.

பிள்ளைகளை இறக்கினோம், அவர்கள் அழுதார்கள். அதிகாரி காளியாயியைக் காட்டி மறுபடி வெளியே அனுப்பச் சொன்னார். தாங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள்.

"அனுப்புறதுன்னா என் பேரையும் சேத்து எழுதுங்க. கோடு எதுக்குன்னு கழுவுறவங்களுக்குச் சொல்லாம விட்டவன் நான். இந்தப் பட்டறையில அந்தக் கோணலப் பாத்த கண்ணு அவங்க கண்ணு ஒண்ணுதான். அதையும் அனுப்பிட்டா நான் எதை நம்பி வண்டி விடுறது?"

அதிகாரி சுண்டலைக்கூட வாங்காமல் போய்விட்டார். மறுவாரம் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, இறக்கத்தில் பிரேக் பிடித்தால் காயும் அளவுக்குச் சூடேற்றிப் பார்த்தோம். பட்டை, கைவளைபோலச் சுழன்றது. அன்று உலாப் போகவிருந்த எங்கள் பிள்ளைகள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்களுக்கு வந்து சேர்ந்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றித் தாங்கள் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களே அறிந்துகொண்டோம். காளியாயி அடுத்த ஆண்டு நிரந்தரமானார். அன்று முதல் நம் பட்டறையில் துடைப்பம் பிடிக்க வருபவருக்கும் முதல் பாடம் வெள்ளைக் கோடுதான்.

அன்பின் அச்சாணியே! இன்று மாலை அதே தேக்குப் பெட்டியில் தங்களை அட்டன் வரை வழியனுப்புகிறோம். வாழைக்குருத்தும் செவ்வந்தியும் கட்டியாயிற்று. சக்கரத்துக்குச் சந்தனம் வைக்கப் போன மாயாண்டியைக் காளியாயி வாளியோடு துரத்திவிட்டார். "ஐயா போற வண்டி! சக்கரத்துல கை வச்சா கைய முறிச்சிருவேன்!" என்ற சத்தம் பொன்னாடை வாங்கப் போன எங்களுக்குக் கடைவீதி வரை கேட்டது.

தாங்களும் தங்கள் துணைவியாரும் நோயின்றி, குறைவின்றி, பேரப்பிள்ளைகளின் பேச்சுச் சத்தத்தினிடையே நெடுங்காலம் வாழ்க! கூரை ஒழுகாத வீடும், அதைச் சோதித்துப் பார்க்க நல்ல மழையும் வாய்க்கட்டும்!

இந்த மடலை எழுதி முடிக்கும் வேளையில் காளியாயி வந்து நின்று, தங்களிடம் சொல்லச் சொன்னதை அப்படியே சேர்க்கிறோம்:

"எட்டுக் கோடும் நேரா இருக்குங்கையா. நான் பாக்க மட்டும்தான் செஞ்சேன், தொடல. தைரியமா ஏறுங்க."

நன்றி மறவா
வட்டகொடைப் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள்
1962