தோழன் குழாயில் ஏறிய கோடு

"அக்கா, தோழன் குழாயிலும் கோடு ஏறியிருக்கு"... அன்று நான் சொல்லாத வாக்கியம் இதுதான். என்ன குழாய், என்ன கோடு? சின்னக் கதைதான், கேளுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர் சுகிர்தா அக்கா. தண்ணீரில்லாமல் வாடும் நெற்பயிரில் ஒரே ஒரு மரபணு விழித்துக்கொள்கிறதா... ஐந்து வருடம் அதைத்தான் தேடினார். மரபணு விழித்தால் செல்லுக்குள் அதன் நகல்கள் உருவாகும். ஒரு நொதி சேர்த்தால்தான் கருவி அந்த நகல்களை எண்ணும்; எண்ண எண்ணத் திரையில் அந்தக் குழாய்க்கு ஒரு கோடு மேலே ஏறும். கூடவே நொதி சேர்க்காத குழாய் ஒன்றும் வைக்க வேண்டும். அதில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால்? இத்தனை நாள் எண்ணியது நகலே இல்லை... மாதிரியில் கலந்துவிட்ட மூல டி.என்.ஏ. மரபணு தூங்கிக்கொண்டே இருந்திருக்கலாம்.

அந்தக் குழாய்க்கு அக்கா வைத்த பெயர் மாப்பிள்ளைத் தோழன். "கூட வந்து நிக்கணும்டி. ஒரு வேலையும் செய்யக் கூடாது."

முதல் வருடம் ஒருமுறை தோழனை வைத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பிறகு குழாய்களை அடுக்கும் தட்டில் இடம் போதவில்லை என்று வைக்கவே இல்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வாரத்தில், முறைக்கு ஒருதடவை வைத்துவிடு என்று என்னிடம் கொடுத்தார்.

வைத்தேன். திரையில் மற்ற குழாய்களின் கோடுகள் ஏறின. தோழனும்... கூடவே ஏறினான்.

அக்கா கதவருகே நின்று கேட்டார். நாகர்கோவிலிலிருந்து அவருடைய அம்மா வந்திறங்கும் நேரம், கையில் வண்டிச் சாவி.

"என்னடி, தோழன் ஒழுங்கா நின்னானா?"

"நின்னான்கா."

ஏன் அப்படிச் சொன்னேன்? அன்பு என்றுதான் அன்று நினைத்தேன். அன்பா அது? அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை... அவ்வளவுதான்.

ஆராய்ச்சிக்குள் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒன்று சொல்கிறேன். நீங்கள் வாயை மூடிக்கொண்டால் அந்தக் கோடு இறங்காது. யார் சொல்வது, எங்கே சொல்வது என்பது மட்டும் மாறும். நான்கு சுவருக்குள் நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதை, முன்பின் தெரியாத ஒருவர் சபையில் வைத்துச் சொல்வார்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் அந்தக் குழாயின் பதிவைக் கேட்டார். நான் சேமித்து வைத்திருந்த கோப்பை அக்கா முதன்முறையாக, எல்லோர் முன்னாலும், திறந்தார். அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அவர் ஊருக்குப் போனார், திரும்பி வரவில்லை.