கோடு விழுந்த கசற்

அல்போன்சம்மா: நாளைக்குக் கோயில் மண்டபத்திலை உனக்கு மாலை போடப் போகினம். மாட்டன் எண்டு சொல்லிப்போடாதை பிள்ளை.

நிமலினி: எனக்கேன் மாமி மாலை? லீவிலை உங்களைப் பாக்கத்தானே கனடாவிலையிருந்து வந்தனான்...

அல்போன்சம்மா: ஐஸிலை சறுக்கி ஆடுற பிள்ளை இந்த ஊர்காவற்றுறையிலை வேற ஆர் இருக்கினம்? உன்ர ஆட்டத்தைப் பாத்திட்டு மாமா மீனுக்குப் போடுற ஐஸ் கட்டியிலை ஏறி நிண்டு பாத்தவர்.

நிமலினி: ஐயோ... பிறகு?

அல்போன்சம்மா: பிறகென்ன, ஒரு கிழமை குப்புறப் படுக்கை. இடுப்புக்கு எண்ணெய் பூசியே என்ர கை தேஞ்சு போச்சு.

நிமலினி: சிரிக்கப் பண்ணாதைங்கோ மாமி... குலுங்க முழங்கால் நோகுது.

அல்போன்சம்மா: அந்தக் கால் இன்னும் மாறேல்லையோ?

நிமலினி: அது... சும்மா. என்ர ஆட்டத்தை நீங்கள் எங்கை பாத்தனீங்கள்?

அல்போன்சம்மா: சமாதானம் வந்து பாதை திறந்தவுடனை கொப்பர் வீடியோ கசற் அனுப்பினவரெல்லோ. மண்டபத்திலை ஜெனரேற்றர் போட்டு ஊரே பாத்தது. நீலச் சட்டை, மினுங்கல் வைச்சது...

நிமலினி: நீலமோ? அப்பா அதையோ அனுப்பினவர்!

அல்போன்சம்மா: ஏன், நல்ல வடிவுதானே. போட்டுப் போட்டு இப்ப ஒரு இடத்திலை படம் கோடு கோடா வருது. அவ்வளவுதான்.

நிமலினி: மாமி, அது நான் விழுந்த போட்டி.

அல்போன்சம்மா: விழுந்தனியோ? முழந்தாளிலை நிண்டு கும்பிட்டாய் எண்டெல்லோ நாங்கள் நினைச்சம்!

நிமலினி: கும்பிட்டதோ! ஐஸிலை ஆரும்...

அல்போன்சம்மா: எங்களுக்கென்ன தெரியும்? கை தட்டினனாங்கள்.

நிமலினி: ...மாமி, லீவெண்டது பொய். அந்தப் போட்டியோட எல்லாத்தையும் விட்டிட்டன். கால் இனி ஏலாதாம்.

அல்போன்சம்மா: ம்... இனி என்ன செய்யப் போறாய்?

நிமலினி: சின்னப் பிள்ளையளுக்குப் பழக்க வரச்சொல்லிக் கேட்டிருக்கினம். இண்டைக்குள்ள பதில் சொல்லவேணும். ஏலாதெண்டுதான் சொல்லப் போறன்.

அல்போன்சம்மா: ஏன்?

நிமலினி: அவ்வளவு சனத்துக்கு முன்னாலை விழுந்தவள் என்னத்தைப் பழக்கிறது? வெக்கமா இருக்கு மாமி.

அல்போன்சம்மா: அதுகளுக்கு முதல் நாள் என்ன பழக்குவினம்?

நிமலினி: முதல் நாளோ... விழுந்தா எப்பிடி எழும்பிறதெண்டு.

அல்போன்சம்மா: அப்ப வெளிக்கிடு. சந்திக் கடையிலை போன் இருக்கு, மாமா சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போவார். இஞ்சை பொழுதுபட அங்கை விடியுமெல்லோ?

நிமலினி: மாமி... உண்மையைச் சொல்லுங்கோ. கும்பிட்டதெண்டோ நினைச்சனீங்கள்?

அல்போன்சம்மா: கடலுக்குப் போய் வள்ளத்திலை விழுந்தெழும்பிற சனத்துக்கு விழுந்தது தெரியாமலோ? மாமா அழுதே போட்டார். பிறகு நீ எழும்பினாய்... அந்த இடத்தைத் திருப்பிப் போடு, திருப்பிப் போடு எண்டு ஒரே கூக்குரல். கோடு கோடா வாற இடம் அதுதான் பிள்ளை.